கேட்ட பூட்டை அனுப்பவில்லை

மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம், மழை ஒன்றுதான் இல்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒட்டின இடம் சுருங்கிக் கிடந்தது. தபால்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு எச்சில் தொட்டுத் திரும்ப ஒட்டினாரோ என்னவோ, இனிமேல் நன்றாகப் பசை போட்டு ஒட்டு. உன் அக்கா மகள் வந்து, "அம்மாச்சி, நீ சொல்லு, நான் எழுதித் தாரேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். நான் ஒன்று சொல்ல அவள் ஒன்று எழுதுவாள், எழுதினதைத் தெருவுக்கே வாசித்தும் காட்டுவாள். நான் அஞ்சாவது வரை படித்த எழுத்து எனக்குப் போதும். நாலு நாளாக எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. பாதியில் மடித்து வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், ஸ்கூல் புஸ்தகத்தையே அப்படித்தான் வைத்தாய்.

நீ கேட்டது பூட்டு. காரியாபட்டியில் நீங்கள் குடியிருக்கிற வீட்டில் ஒரே அடுப்படியை இரண்டு குடித்தனம் புழங்குகிறது, டின்னில் போட்ட அரிசி பன்னிரண்டு நாள் வரவேண்டியது ஒன்பது நாளில் தீர்ந்துபோகிறது, பக்கத்துக் குடித்தனக்காரிதான் எடுக்கிறாள் என்று உன் பெண்டாட்டி சொல்கிறாள், நம் வீட்டு அடுப்படிக் கதவில் முன்னே தொங்கின பழைய பூட்டை பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பு என்று எழுதியிருக்கிறாய். பூட்டு இருக்கிறது. சாவியும் இருக்கிறது. ஆனால் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று சொல்லத்தான் இத்தனை தாள்.

சந்தேகப்படாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் பால்காரர் செம்பிலும் விரலை விட்டுப் பார்க்கிறவள். ஆனால் சந்தேகத்துக்கும் ஒரு வரிசை வேண்டும். முதலில் கடைக்காரர். தராசுத் தட்டுக்கு அடியில் ஒரு துண்டு புளி ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார், வெட்கப்படாதே. இரண்டாவது எலி. டின்னைச் சுற்றி மிளகு மாதிரிப் புழுக்கை கிடக்கும். மூன்றாவது அளவு. உன் பெண்டாட்டி அரிசியைத் தலை தட்டி அளக்கிறாளா, கோபுரமாகக் குவித்து அளக்கிறாளா? குவித்து அளந்தால் நாலு அளவில் ஒரு அளவு தானாகப் போய்விடும், அதற்குக் கள்ளன் வேண்டாம். நாலாவது, சொன்னால் கோபப்படாதே, உன் பெண்டாட்டியேதான். பச்சை அரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லுகிற ஆசை அவளுக்கு வந்திருக்கிறதா? வந்திருந்தால் எத்தனை மாசம்? அதையும் என்னிடம் மறைக்கிறீர்களா? போன தடவை வந்தபோதே அவள் சாம்பலை மோந்து பார்த்தாள், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இவ்வளவும் பார்த்து முடித்த பிறகு, அஞ்சாவதாகத்தான் அந்தப் பக்கத்துக் குடித்தனக்காரி.

கையில் இருப்பதை வைத்து மாசத்தை ஓட்ட முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அரிசியை மட்டும் நம்பினால் ஓட்ட முடியாதுதான். காணப்பயறு வாங்கு. குதிரைக்குப் போடுகிறது என்று அவள் மூக்கைச் சுளிப்பாள், சுளிக்கட்டும். ஒரு உழக்குக் காணத்தை முதல் நாள் சாயங்காலமே ஊறப் போட்டு, தண்ணீர் தாராளமாக விட்டு வேகவைத்தால் அந்தத் தண்ணீரில் பூண்டைத் தட்டிப் போட்டு ரசம். வெந்த பயற்றில் பாதியை வத்தலும் உப்பும் வைத்து அரைத்தால் துவையல். மீதிப் பாதியை மறுநாள் காலையில் கடுகு தாளித்துக் கிண்டினால் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஆச்சு. ஊறாத பயறு மண்ணெண்ணெயைத்தான் குடிக்கும். மிளகாய்ப் பொடியைக் கடையில் வாங்காதே. செங்கல்லைப் பொடித்துக் கலக்கிறார்களோ என்னவோ, யார் கண்டது. பரளச்சிப் பக்கத்து வத்தலாக வாங்கி அங்கேயே மில்லில் கொடுத்து, மாவு விழுகிற வரைக்கும் பக்கத்திலேயே நில். காய்கறியைச் சந்தை கலைகிற நேரத்துக்குப் போய் வாங்கு. கூறு கட்டி வைத்திருப்பதில் மேலே நல்லதும் அடியில் அழுகலும் இருக்கும். கவிழ்த்துக் காட்டச் சொல், காட்டாதவரிடம் வாங்காதே. சோறு வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றுகிற வீட்டில் எதுவும் தங்காது. அதில் உப்புப் போட்டுக் காலையில் குடித்துவிட்டு வேலைக்குப் போ.

இதெல்லாம் நான் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. நீ அஞ்சாவது படித்த வருஷம் கற்றுக்கொண்டது. பதின்மூன்று வருஷம் ஆச்சு. அந்த வருஷம் கரிசல் காடு முழுக்க வாய் பிளந்து கிடந்தது. விதைத்த பருத்தி முழங்கால் உயரத்திலேயே கருகிப் போச்சு, அதைப் பிடுங்கி அடுப்பெரிக்கக் காய்ந்த மார்க்குச்சியாகக் கட்டினதுதான் மகசூல். உங்க அப்பா பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றப் போனார். அங்கேயே படுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வீட்டில் நான், உன் அக்கா, நீ. சுவருக்கு அந்தப் பக்கம் உன் பெரியப்பாவும் சீனியம்மாப் பெரியம்மாவும். ஒரே வீட்டைப் பங்கு வைத்து நடுவில் சுவர் எழுப்பினது உனக்குத் தெரியும். அது கொல்லையில் பாதி வரைக்கும் தோள் உயரத்துக்கு வரும், அதற்கப்புறம் கொல்லை ஒன்று, ஆட்டுரல் ஒன்று. கிணற்றுப் பங்கில் அண்ணன் தம்பிக்குள் வார்த்தை தடித்துப்போய், "ஒன் வீட்டுப் பச்சத் தண்ணிகூட எனக்கு வேண்டாம்" என்று உங்க அப்பா பெரியப்பா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆம்பளைகள் பேசிக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் பொம்பளைகள் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பிள்ளை இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டுதான் ஆட்டுரலில் மாவாட்டுவாள். அப்போதே எனக்குப் பிடிக்காது. என் பிள்ளையை இவள் ஏன் மடியில் வைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்தத் தீபாவளிக்கு உன் மாமா, என் அண்ணன், அரிசி கொடுத்தனுப்பினான். கண்மாய்ப் பாசனத்து அரிசி, மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளையாக இருக்கும். மண்பானையில் கொட்டினேன். பன்னிரண்டு படி பிடிக்கிற பானை, கழுத்து வரை நிறைந்தது. ஒரு நாளைக்கு இரண்டு உழக்குதான் எடுப்பேன். அதோடு கம்போ காணமோ சேர்த்துத்தான் மூன்று வயிறு. தலை தட்டி அளப்பேன், ஒரு மணி கூடாது குறையாது. உலை வைத்த நாளுக்கு ஒரு கரிக்கோடு அடுப்புக்கு மேலே சுவரில் போடுவேன். என்றைக்கு அரிசி தீரும், என்றைக்கு அண்ணனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பார்ப்பதற்காக.

ஒரு மாசம் இருக்கும். ஒரு நாள் சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளை அரிசிக்குள்ளே மஞ்சளாக, உடைந்து, சிவப்புக் கோடு ஓடின அரிசி கிடக்கிறது. மோந்து பார்த்தேன். ரேஷன் அரிசி. சாக்கு நாற்றம். நமக்கு அப்போது கார்டே கிடையாது. எனக்கு உச்சந்தலை கொதித்தது. நான் விறகு வெட்டப் போயிருக்கிற நேரத்தில் யாரோ கொண்டியை நீக்கி உள்ளே வந்து, என் அண்ணன் அரிசியை அள்ளிக்கொண்டு, அளவு குறையாமல் இருக்க ரேஷன் அரிசியைப் போட்டு மட்டம் கட்டிவிட்டுப் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். யாரோ என்ன யாரோ. கொல்லைப் பக்கம் வருகிறவள் ஒருத்திதான்.

பிடிக்க வேண்டுமே. களத்தில் அடித்துக் குவித்த தானியத்தை ராத்திரி யாரும் அள்ளிவிடக் கூடாது என்று குவியல் மேலே சாம்பலால் குறி போட்டு வைப்பார்கள், நீ பார்த்திருக்கிறாய். குறி கலைந்தால் கை பட்டது என்று அர்த்தம். நான் அதையே பானைக்குள் செய்தேன். சாம்பல் இல்லாமல், அரிசியைக் கையால் மட்டம் தடவி, குறுக்கே விரலால் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு மேலே நாலு விரலையும் அழுத்திக் குழி வைத்தேன். மூடினேன். காட்டுக்குப் போய்விட்டுப் பொழுது சாய வந்து திறந்தேன். கோடும் இல்லை, குழியும் இல்லை. அரிசி மட்டமாகக் கிடந்தது.

மறுநாள் காலையில் ஆட்டுரல் பக்கம் அவள் வந்து உட்காருகிற வரைக்கும் காத்திருந்தேன். தெருப் பொம்பளைகள் நாலு பேர் குழாயடியில் நின்றார்கள், அதுவும் பார்த்துத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏக்கா, எங்கண்ணன் அரிசி ருசியா இருக்கா?"

"என்னத்தா சொல்ற?"

"என் பானைக்குள்ள ரேசன் அரிசி எப்படி வந்துச்சு? கால் மொளச்சு நடந்து வந்துச்சாக்கும்?"

அவள் மாவைத் தள்ளின கையை நிறுத்தவில்லை. "வந்தா வந்துட்டுப் போகுது. வயித்துக்குள்ள போன பெறகு எந்தக் கட அரிசின்னு வயிறு கேக்குமா?"

"திருடுனதுக்கு நாயமும் வேற பேசுறியா! எவளோ என் பானையில கை வைக்கிறா! வச்ச கை வெளங்காது! நான் போட்ட கோட்டக் காணோம், நாலு வெரல் குறியக் காணோம், களத்துல குறி அழிச்சவளக் கட்டி வச்சு அடிப்பாக, தெரியுமா?" என்று கையை நீட்டி, கோடு எப்படிப் போட்டேன், விரலை எப்படி அழுத்தினேன் என்று குழாயடிக்கே செய்து காட்டினேன்.

அப்போதுதான் அவள் எழுந்தாள். மாவுக் கையைக் கழுவினாள். என்னைப் பார்க்காமல், "சரித்தா. இனிமே கை வைக்கல" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

குழாயடியில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. 'இனிமே கை வைக்கல' என்றால் இதுவரை வைத்தேன் என்றுதானே? அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாள் என்று ஊர் பூராவும் சொன்னேன். பதின்மூன்று வருஷமாகச் சொல்கிறேன். உனக்கும் சொல்லித்தான் வளர்த்தேன். அன்றைக்கே அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய், நல்ல கனமாகப் பார்த்து ஒரு பூட்டு வாங்கி வந்து அடுப்படிக் கதவில் மாட்டினேன். நீ இப்போது கேட்கிறது அந்தப் பூட்டுத்தான்.

இனிமேல் எழுதப் போவது உங்க அப்பாவுக்கும் தெரியாது.

முதல் பானை தீர்ந்து, இடையில் கம்பங்கூழை வைத்து ஓட்டி, பொங்கலுக்கு அண்ணன் மறுபடியும் அரிசி அனுப்பினான். அதே அரிசி, அதே பானை, அதே கழுத்து மட்டம். அதே இரண்டு உழக்கு. கதவில் பூட்டு, சாவி என் இடுப்பில். கரிக்கோட்டை மட்டும் புது வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு நாள் காலையில் பானைக்குள் கையை விட்டு, அளக்கிற சிரட்டையால் அள்ளினேன், அது பானையின் அடி மண்ணில் சரக்கென்று உரசியது. இவ்வளவு சீக்கிரமா? எனக்கு முதலில் பூட்டு மேலேயே சந்தேகம் வந்தது. கள்ளச்சாவி போட்டுத் திறக்கிறாளோ என்று பூட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பிறகு சுவரைப் பார்த்தேன். புது வரிசையில் கோடுகளை எண்ணினேன். இருபத்து நாலு. பன்னிரண்டு படி, படிக்கு நாலு உழக்கு, நாளைக்கு இரண்டு உழக்கு, இருபத்து நாலு நாள். சரியாகத்தான் வந்திருக்கிறது.

அதற்கு மேலே பழைய வரிசை இருந்தது. அதை எண்ணினேன். முப்பத்தாறு.

மூன்று தடவை எண்ணினேன். உன் அக்காவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவளும் முப்பத்தாறு என்றாள். பூட்டாத பானை முப்பத்தாறு நாள் வந்திருக்கிறது, பூட்டின பானை இருபத்து நாலு. எடுக்கிறவள் கை பட்டால் குறையத்தானே வேண்டும்? பன்னிரண்டு நாள் சோறு எங்கிருந்து வந்தது? தினமும் பானைக்குள்ளே பார்த்தவள்தான் நான். ஆனால் குறைகிறதா என்றுதான் பார்த்தேன். கூடுகிறதா என்று எவள் பார்ப்பாள்? புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர் அவர்கள். கார்டுக்கு வந்த அரிசியை என் பானையில் போட்டுவிட்டு இரண்டு பேரும் கம்பங்கூழைக் குடித்திருக்கிறார்கள். நேரே கொடுத்தால் உங்க அப்பா வாசலில் கொட்டுவார் என்று தெரிந்துதான் ஆளில்லாத நேரத்தில் வந்து போட்டிருக்கிறாள். 'இனிமே கை வைக்கல' என்று சொன்னாளே, சொன்ன மாதிரியே வைக்கவில்லை.

உடனே ஓடிப்போய்க் காலைப் பிடித்தேன் என்று நீ நினைப்பாய். இல்லை. எனக்கு அவள் மேல் அப்போதுதான் நிஜமான கோபம் வந்தது. திருடி என்றால் திருடி என்று பேசிவிட்டுப் போகலாம். இது என்ன? ஏன் போட்டாள்? பாவம் பார்த்தா? என் அண்ணன் அனுப்புகிற அரிசி போதாது என்று காட்டவா? பிள்ளைகளைத் தன் பக்கம் இழுக்கவா? என்றைக்காவது ஒரு நாள் நாலு பேர் நடுவில், 'ஒன் பிள்ளைக வயித்த நான் நெறச்சேன்' என்று சொல்லுவதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நாலு பேர் நடுவில் என்றைக்குச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவே இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வாரந்தான் நான் உன்னை அடித்தது. உனக்கு நினைவிருக்கும், காரணம் தெரிந்திருக்காது. பானை காலியான மூன்றாம் நாள். வீட்டில் காணத்தண்ணீர் மட்டுந்தான். நீ கொல்லை வழியாகப் போய்ப் பெரியம்மா வாசலில் நின்றாய். வாய் திறந்து கேட்கக்கூட இல்லை, நின்றாய். அவள் தட்டில் சோற்றோடு வெளியே வந்தாள். நான் ஓடிவந்து உன் கையைப் பிடித்து இழுத்து, அவள் கண் முன்னாலேயே விளக்குமாற்றால் அடித்தேன். "கள்ளி வீட்டுச் சோறு ஒனக்குக் கேக்குதோ?" என்று கேட்டேன். அவள் கள்ளி இல்லை என்று தெரிந்த பிறகு கேட்டேன். தெரியாமல் அடித்திருந்தால் இத்தனை வருஷம் எனக்கு உறுத்தியிருக்காது. அந்தத் தட்டை அவள் என்ன செய்தாள் என்று பார்த்தேன். காக்காய்க்குக்கூட வைக்கவில்லை. மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, அடுப்புக்கு மேலே இருந்த சுவரை மட்டும் நான் அடிக்கிறேன் என்று மட்டையை வாங்கிக்கொண்டேன். இரண்டு வரிசைக் கோட்டையும் நானே அழித்தேன்.

அதற்கப்புறம் அவளோடு பேச்சில்லை. உன் பெரியப்பா செத்த அன்று போய் அழுதேன். ஒப்பாரியில் அக்கா என்று சொன்னேன், அது பேச்சில் சேராது. உன் கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகை வைக்கலாமா என்று நீ ஒரு தடவை கேட்டாய். "கள்ளிக்கு எதுக்கு?" என்றேன். கல்யாண வேன் கிளம்பும்போது அவள் வேலி ஓரத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு சோற்றுக்கு அவ்வளவு கீரை வேண்டியதில்லை. வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் உருவிக்கொண்டே இருந்தாள்.

இந்த வருஷமும் காடு காய்கிறது. போன மாசத்தில் இருந்து அவள் வீட்டுக் கூரையில் காலையில் புகை வரவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கே சாப்பிடுகிறாள்? யார் கொடுக்கிறார்கள்? தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராதே. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாயங்காலம் மட்டும் கொஞ்சம் புகை. அவள் வேலி ஓரத்தில் விறகு பொறுக்கப் போனபோது கொல்லை வழியாகப் போனேன். அவள் கதவுக்கு என்றைக்கும் பூட்டுக் கிடையாது, வெறும் கொண்டிதான். பானையைத் திறந்தேன். அடியில் இரண்டு உழக்கு ரேஷன் அரிசி இருக்கும். அடுப்பில் ஒரு சட்டியில் கீரைத் தண்ணீர். உப்புகூடச் சரியாக இல்லை, தொட்டுப் பார்த்தேன்.

திரும்பி வந்து நம் பானையில் ஒரு உழக்கு அளந்தேன். தலை தட்டி அளக்கவில்லை, குவித்தே அளந்தேன். சுளகில் புடைத்து, கொண்டுபோய் அவள் பானையில் போட்டு மட்டம் தடவிவிட்டு வந்தேன். மறுநாளும். அதற்கு மறுநாளும். நம்முடையது கடை அரிசி, வெள்ளை. அவளுடையது மஞ்சள். கலந்தால் குருடிக்கும் தெரியும் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

நாலாம் நாள் போய் மூடியைத் திறந்தேன். அரிசி மட்டமாகத் தடவியிருந்தது. குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே நாலு விரல் குழி. என் குறி. குழாயடியில் நான் செய்து காட்டினதை அவள் பதின்மூன்று வருஷமாக மறக்கவில்லை. கொண்டுபோன அரிசியோடு திரும்பி வந்துவிடலாமா என்று பார்த்தேன். வந்திருந்தால் அவளுக்குத் தெரியாது. கொட்டினேன். கொட்டிவிட்டு அதே மாதிரிக் கோடு கிழித்து, விரலை அழுத்தி வைத்தேன். என் சுண்டுவிரல் அறுவடையில் அறுபட்டு வளைந்ததுதானே, குழி கோணலாக விழுந்தது. அழித்து மறுபடி அழுத்தினேன். மறுபடியும் கோணல். அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலையில் நான் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம். தெரு கேட்கிற சத்தம்.

"எவளோ என் பானையில கை வைக்கிறா! வச்ச கை வெளங்காது! நான் போட்ட குறிய அழிச்சுட்டுக் கோணவெரல் குறி போட்டுட்டுப் போறா! களத்துல குறி அழிச்சா கட்டி வச்சு அடிப்பாக, தெரியுமா?"

கோணவிரலைத் தவிர மற்றதெல்லாம் அன்றைக்கு நான் கத்தினதுதான். உங்க அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "யாரு, மதினியா கத்துறாக? என்னவாம்?" என்றார். நான் கையில் இருந்த சாம்பலோடு எழுந்து நின்றேன். சுவர் என் தோள் உயரம். அவள் தலை நரைத்து, இந்தப் பக்கம் பார்க்காமல் ஆட்டுரலைப் பார்த்து நிற்கிறாள். பதின்மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவளிடம் வாயைத் திறந்தேன். அன்றைக்கு அவள் சொன்னதுதான் வந்தது.

"வச்சா வச்சுட்டுப் போறா. வயித்துக்குள்ள போன பெறகு எந்தக் கட அரிசின்னு வயிறு கேக்குமாக்கா?"

அவள் முந்தானையை எடுத்து வாயைத் துடைத்தாள், வாயைத்தான் துடைத்தாளா என்று எனக்குச் சந்தேகந்தான். அப்புறம், "கை வச்சவ கல்லப் பொறுக்கிட்டு வைக்கக் கூடாதாக்கும்? நேத்து ஒரு கல்லு, கடவாப் பல்லு போச்சு" என்றாள். நான் உட்கார்ந்து பாத்திரத்தை விளக்கினேன். மத்தியானம் சுவர் மேலே ஒரு கிண்ணத்தில் முருங்கைக்கீரைப் பொரியல் இருந்தது. மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

அதனால் பூட்டு வராது. இப்போது வத்தல் காயப்போடுகிற துணி காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். நீ அரிசியை மட்டம் தடவிக் கோடு போடு. உலை வைக்கிற நாளுக்கெல்லாம் சுவரில் கரிக்கோடும் போடு. இரண்டு மாசம் சும்மா இரு, ஒருத்தரையும் ஒன்றும் கேட்காதே. குறைந்தால் எனக்கு எழுது, நானே அங்கே வந்து அந்தப் பொம்பளையைக் கேட்கிறேன். கூடினால் அவசரப்பட்டு வாயைத் திறக்காதே. சாப்பிட்டுவிட்டு, அவள் அரிசி டின் எப்படி இருக்கிறது என்று பார். அடுத்த மாசம் நீ ஊருக்கு வரும்போது வெற்றிலை பாக்கு, பூ, பழம் வாங்கிக்கொண்டு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு முதலில் பெரியம்மா வாசலுக்குப் போ. நம் வீட்டுக்கு அப்புறம் வா. அவள் தட்டில் சோறு கொண்டுவந்தால் உட்கார்ந்து தின்றுவிட்டு வா, இந்தத் தடவை நான் இழுக்க மாட்டேன். மற்றபடி அவள் சொல்லுவதை எல்லாம் அப்படியே நம்பிவிடாதே. கல் என்று சொன்னது பொய். நான் இரண்டு தடவை புடைத்துத்தான் போட்டேன். அதுவும் போக, அவளுக்குக் கடைவாயில் பல்லே கிடையாது.

உன் அம்மா.